பிரேக்கர் ஆஃப், ஆனால் பெட்டிக்குள் கரண்ட்: மின் நிலையத்தில் கான்ட்ராக்ட் வேலைக்குப் போகிறவர்களுக்கு

மின் உற்பத்தி நிலையத்துக்குக் கான்ட்ராக்ட் வேலைக்கு வருகிறவர்களுக்குத் தொழில் தெரியும், இடம்தான் தெரியாது. எந்த மோட்டாருக்கு எந்த அறையிலிருந்து சப்ளை வருகிறது, பக்கத்து யூனிட் ஓடுகிறதா, எந்த பம்ப் தானாக ஸ்டார்ட் ஆகும் என்பதெல்லாம் ஷிப்ட் ஆபரேட்டருக்கு மனப்பாடம். நேற்று கேட் பாஸ் வாங்கி உள்ளே வந்தவருக்கு அதில் ஒன்றும் தெரிந்திருக்காது. ஹெல்மெட், ஷூ, பெல்ட் எல்லாம் சரியாகப் போட்டிருந்தும் விபத்து நடப்பது இந்த இடைவெளியில்தான்.

பொதுவாகப் பேசினால் மண்டையில் நிற்காது. ஒரு வேலையை எடுத்துக்கொள்வோம்: குளிர்நீர் பம்ப்பை ஓட்டும் 6.6 கேவி (6,600 வோல்ட்) மோட்டாருக்கு பேரிங் மாற்ற வேண்டும். நீங்கள் எலக்ட்ரீஷியனாக இல்லாமல் ஃபிட்டராக இருந்தாலும் கீழே வரும் படிகள் உங்களுக்கும்தான்.

படி 1: "இதற்கு வேறு எங்கிருந்தெல்லாம் சப்ளை வருகிறது?"

வேலை தொடங்கும் முன் நிலையத்துப் பொறுப்பாளரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது. "பிரேக்கரை எடுத்தாச்சு" என்ற பதிலோடு திரும்பி வந்துவிடாதீர்கள். நம் மோட்டாரையே பாருங்கள்.

6.6 கேவி ஃபீடர், அதாவது மெயின் சப்ளை ஒன்று, அது எல்லோருக்கும் தெரியும். அப்புறம் மோட்டாருக்குள் ஸ்பேஸ் ஹீட்டர் என்று ஒன்று உண்டு. மோட்டார் நிற்கும்போது வைண்டிங்கில் ஈரம் சேராமல் சூடாக வைத்திருப்பது அதன் வேலை. அதற்கு 230 வோல்ட், பெரும்பாலும் வேறொரு விநியோகப் பலகையிலிருந்து தனியாக வரும். வேடிக்கை என்னவென்றால், மோட்டார் ஓடும்போது ஹீட்டர் அணைந்திருக்கும். பிரேக்கரை ஆஃப் செய்ததும்தான் அது உயிர் பெறும். அதாவது, நீங்கள் பத்திரம் என்று நினைத்து மூடியைத் திறக்கும் அதே நேரத்தில் ஹீட்டர் டெர்மினலில் கரண்ட் இருக்கிறது. அந்த டெர்மினல் தனிச் சிறு பெட்டியிலும் இருக்கலாம், மற்ற வயர்களோடு கலந்தும் இருக்கலாம்.

இன்னும் முடியவில்லை. பம்ப்பின் டிஸ்சார்ஜ் வால்வைத் திறந்து மூடும் ஆக்சுவேட்டருக்குத் தனியாக 415 வோல்ட் சப்ளை, வேறு பேனலிலிருந்து. அந்த வால்வு சரியாக மூடாமல் கசிந்தால், இணையாக ஓடும் மற்ற பம்ப்பின் தண்ணீர் திரும்பி வந்து நம் பம்ப்பைப் பின்பக்கமாகச் சுழற்றும். மோட்டாரையும் பம்ப்பையும் இணைக்கும் கப்ளிங்கைக் கழற்றவில்லை என்றால் மோட்டாரும் சேர்ந்து சுழலும். கப்ளிங்கில் கை வைத்திருக்கிற ஃபிட்டருக்கு அது போதும். ஆகவே வால்வையும் மூடி, ஆக்சுவேட்டர் சப்ளையையும் எடுத்துப் பூட்ட வேண்டும்.

பிரேக்கரின் கன்ட்ரோல் சர்க்யூட்டுக்கு 110 அல்லது 220 வோல்ட் டிசி, நிலையத்து பாட்டரியிலிருந்து. இந்த டிசியை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஏசி மொத்தமும் போனாலும் வேலை செய்யவே அந்த பாட்டரி இருக்கிறது. டர்பைனின் அவசர எண்ணெய் பம்ப் ஒரு டிசி மோட்டாரில் ஓடுவது. எண்ணெய் அழுத்தம் குறைந்தால் யாரையும் கேட்காமல் தானாக ஸ்டார்ட் ஆகும். டீசல் ஜெனரேட்டரும் அப்படித்தான், சப்ளை போன சில நொடிகளில் கிளம்பிவிடும். "மொத்த யூனிட்டும் ஷட்டவுன்" என்பதை "எங்கும் கரண்ட் இல்லை" என்று புரிந்துகொள்ளக் கூடாது.

இப்படிக் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது. அமெரிக்காவின் தொழிலாளர் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் விதி 1910.269, நிலையத்தாரும் கான்ட்ராக்டரும் ஆபத்துகளைப் பற்றி ஒருவருக்கொருவர் தகவல் தர வேண்டும் என்று இரு தரப்பையும் கட்டுப்படுத்துகிறது. உங்கள் நாட்டில் விதியின் எண் வேறாக இருக்கலாம். கேள்வி அதேதான்.

படி 2: பெர்மிட்டைப் படியுங்கள்

பெர்மிட், அதாவது வேலைக்கான அனுமதிச் சீட்டு, கையெழுத்துக்கான தாள் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அதில் மூன்று இடங்களை மட்டுமாவது நிறுத்திப் படியுங்கள்: எந்த உபகரணம், எந்தெந்த இடத்தில் துண்டிக்கப்பட்டிருக்கிறது, எது இன்னும் உயிரோடு இருக்கிறது. முந்தைய படியில் நீங்கள் கேட்டு வாங்கிய பட்டியலையும் இரண்டாவது இடத்தையும் ஒப்பிடுங்கள். ஹீட்டர் விட்டுப்போயிருந்தால் அங்கேயே சொல்லி எழுத வையுங்கள். வாயால் "அதெல்லாம் எடுத்தாச்சுப்பா" என்று சொன்னால் ஏற்காதீர்கள்.

படி 3: சரியான மெஷின்தானா?

ஒரே மாதிரியான யூனிட்டுகள் அடுத்தடுத்து நிற்கும். பம்ப் ஒன்றுபோல் இருக்கும், பெயின்ட் ஒன்றுபோல் இருக்கும், சில நிலையங்களில் ஒரு யூனிட் மற்றொன்றின் கண்ணாடி பிம்பமாகத் திரும்பியிருக்கும். நேற்று இடதுபக்கம் இருந்தது இன்று வலதுபக்கம்.

பல நிலையங்களில் கேகேஎஸ் என்ற குறியீட்டு முறை இருக்கிறது. அதன்படி நம் பம்ப்பின் பலகையில் 10பிஏசி10ஏபி001 என்று இருக்கும். அடுத்த யூனிட்டில் ஓடிக்கொண்டிருக்கும் அதே பம்ப்பில் 20பிஏசி10ஏபி001. வித்தியாசம் முதல் இலக்கத்தில் மட்டும். ஆகவே ஒருவர் பெர்மிட்டைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாக உரக்கப் படிக்கட்டும், மற்றவர் பலகையில் விரல் வைத்துச் சரிபார்க்கட்டும். மோட்டாரிலும் செய்யுங்கள், பிரேக்கர் பேனலிலும் செய்யுங்கள். பேனலின் முன்கதவில் பெயர் இருக்கும், பின்கதவில் இருக்காது. பின்பக்கம் போய் எண்ணிக்கொண்டே வந்து தவறான கதவைத் திறப்பது பழைய கதை. பின்கதவிலும் பெயர் எழுதச் சொல்லுங்கள்.

படி 4: உங்கள் பூட்டு, உங்கள் சாவி

6.6 கேவி பிரேக்கரை சர்வீஸ் நிலையிலிருந்து (சப்ளையோடு இணைந்திருக்கும் நிலை) வெளியே இழுப்பது நிலையத்தின் அதிகாரம் பெற்ற ஆளின் வேலை. நீங்கள் தொடவே கூடாது. அந்தச் சமயம் பேனல் முன்னால் வேடிக்கை பார்த்துக்கொண்டும் நிற்காதீர்கள். உள்ளே ஆர்க் (காற்று வழியே பாயும் மின்பொறி) அடித்தால் அதன் வெப்பநிலை ஏறக்குறைய 20,000 டிகிரி செல்சியஸ் வரை போகக்கூடும். நைலான், பாலியெஸ்டர் சட்டை உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். வெறும் காட்டன் உருகாது, ஆனால் தீப்பிடிக்கும். அதனால்தான் ஆர்க் தாங்கும் என்று மதிப்பிடப்பட்ட உடை தேவைப்படுகிறது. பேனலில் ஒட்டியிருக்கும் லேபிளில் சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கலோரி என்று எழுதியிருப்பார்கள். 1.2 கலோரியிலேயே தோல் இரண்டாம் நிலைத் தீக்காயம் அடையும்.

பிரேக்கர் "டெஸ்ட்" நிலையில் இருக்கிறதா, முழுதாக வெளியே எடுத்து வைக்கப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். டெஸ்ட் நிலையில் மெயின் கான்டாக்ட் விலகியிருந்தாலும் கன்ட்ரோல் சப்ளை இணைந்தே இருக்கும்.

அதன்பிறகு பூட்டு. துண்டித்த ஒவ்வொரு இடத்தையும் யாரும் திரும்ப ஆன் செய்ய முடியாதபடி பூட்ட வேண்டும். அப்படிப்பட்ட இடங்கள் நிறைய என்றால் அந்தப் பூட்டுகளின் சாவிகளையெல்லாம் ஒரு பெட்டியில் போட்டு, குழுவில் உள்ள ஒவ்வொருவரும் அந்தப் பெட்டிக்குத் தங்கள் பூட்டைப் போடுவது வழக்கம். சூப்பர்வைசர் பூட்டு போட்டிருக்கிறாரே என்று விடாதீர்கள். அவர் சாப்பிடப் போன நேரத்தில் நீங்கள் மோட்டாருக்குள் இருக்கலாம். சாவி உங்கள் சட்டைப் பையில் இருக்க வேண்டும், டூல் பாக்ஸில் அல்ல.

படி 5: இல்லை என்று நிரூபியுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டுகிறார்கள், ஏனென்றால் பெரும்பாலான நாட்களில் மீட்டர் பூஜ்யம்தான் காட்டும்.

230, 415 வோல்ட் போன்ற குறைந்த மின்னழுத்தத்துக்கு முறை இது. கரண்ட் நிச்சயம் இருக்கும் ஓர் இடத்தில், அல்லது இதற்கென்றே உள்ள சோதனைக் கருவியில், மீட்டரை வைத்து அது வேலை செய்கிறதா என்று பாருங்கள். பின் வேலை செய்யும் இடத்தில் சோதியுங்கள்: மூன்று பேஸுக்கும் இடையே மூன்று தடவை, ஒவ்வொரு பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே மூன்று தடவை. ஏசியில் பார்த்துவிட்டு டிசியிலும் பாருங்கள். பிறகு முதலில் பார்த்த இடத்துக்கே திரும்பிப் போய் மீட்டர் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். நடுவில் ப்ரோபின் வயர் அறுந்திருந்தாலும் பூஜ்யம்தான் காட்டும், அதற்காகத்தான் இந்த மூன்றாவது சோதனை. மீட்டரில் கேட் (CAT) III 600 வோல்ட் அல்லது அதற்கு மேல் என்ற பாதுகாப்புத் தரம் எழுதியிருக்க வேண்டும். வயர் அருகே காட்டினால் பீப் அடிக்கும் பேனா டெஸ்டர் டிசியைக் காட்டாது, ஷீல்டு உள்ள கேபிளிலும் ஏமாற்றும். அதை முடிவான சான்றாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

இந்த மீட்டரை 6.6 கேவி பக்கம் கொண்டு போகவே கூடாது. அதற்கு நீண்ட மின்காப்புக் கோலில் பொருத்திய டிடெக்டர் உண்டு, அதிகாரம் பெற்றவர் சோதிப்பார். தள்ளி நின்று நேரில் பாருங்கள், அவ்வளவுதான்.

மோட்டார் விஎஃப்டி (வேகத்தை மாற்றும் மின் டிரைவ்) மூலம் ஓடுகிறதென்றால் சப்ளையை எடுத்தபின்னும் உள்ளே கெப்பாசிட்டரில் மின்னூட்டம் நிற்கும். 415 வோல்ட் டிரைவின் டிசி பஸ்ஸில், அதாவது உள்ளே இருக்கும் டிசி பகுதியில், ஏறக்குறைய 590 வோல்ட். எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும் என்று மூடியிலேயே எழுதியிருக்கும். காத்திருந்து, அளந்து பார்த்துவிட்டுத் தொடுங்கள்.

படி 6: எர்த்

உயர் மின்னழுத்தக் கேபிளே ஒரு கெப்பாசிட்டர் மாதிரி மின்னூட்டத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். யாராவது தெரியாமல் சப்ளையை ஏற்றினாலும் அது ஆளிடம் வராமல் பூமிக்குப் போக வேண்டும். இரண்டு காரணத்துக்காகவும் எர்த் செய்கிறோம். தற்காலிக எர்த் கேபிள் என்றால் பூமிப் பக்கத்தை முதலில் மாட்டி, அப்புறம் பேஸ் பக்கத்தை. கழற்றும்போது தலைகீழ். ஐரோப்பியத் தரநிலை ஈஎன் 50110 சொல்லும் ஐந்து விதிகளும் இதே வரிசைதான்: துண்டி, பூட்டு, சோதி, எர்த் செய், பக்கத்தில் உயிரோடு இருப்பதை மறை.

படி 7: வேலை செய்யும்போது

கையில் பிடிக்கும் கிரைண்டர், டிரில் எல்லாம் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானாகத் துண்டிக்கும் சுவிட்ச்) வழியாகத்தான் வர வேண்டும். காலையில் அதன் டெஸ்ட் பட்டனை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். பாய்லர் டிரம், கண்டென்சர் போல நாலாபக்கமும் இரும்பு சூழ்ந்த இடத்துக்குள் 24 வோல்ட் விளக்குதான். அதற்கான டிரான்ஸ்ஃபார்மர் வெளியே இருக்க வேண்டும். டிரான்ஸ்ஃபார்மரையே உள்ளே இழுத்து வைத்து, அதோடு 230 வோல்ட் கேபிளும் மேன்ஹோல் வழியே போவதைப் பார்த்திருக்கிறேன். அப்புறம் 24 வோல்ட் எதற்கு?

வெல்டிங்கில் ரிட்டர்ன் கேபிளை வெல்டு வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள். தூரத்தில் கிடக்கும் தூணில் கிளாம்ப் போட்டால் கரண்ட் தன் வழியைத் தானே தேடிக்கொள்ளும். நம் மோட்டாரின் புது பேரிங் வழியாகக்கூடப் போகும், பேரிங் குண்டுகளில் தழும்பு விழும்.

கரண்ட் டிரான்ஸ்ஃபார்மரின் (பெரிய கரண்டை அளப்பதற்காகச் சிறிதாக்கித் தரும் கருவி) செகண்டரி வயரை, பிரைமரியில் கரண்ட் ஓடும்போது ஒருபோதும் கழற்றாதீர்கள். சர்க்யூட் திறந்தால் அங்கே ஆளைக் கொல்லும் அளவு வோல்டேஜ் எழும்.

சுவிட்ச்யார்டு பக்கம் வேலை என்றால் அலுமினிய ஏணியும் இரும்பு டேப்பும் வேண்டாம். சாரக்கட்டுக் குழாயைத் தோளில் நிமிர்த்தித் தூக்காமல் இரண்டு பேர் இடுப்பளவில் படுக்கையாகத் தூக்குங்கள். எதையும் தொடாமல், உயர் அழுத்தக் கம்பிக்குக் கீழே கிடப்பதாலேயே இரும்பில் வோல்டேஜ் தூண்டப்படும். நிலக்கரி நிலையத்தில் சாம்பல் பிடிக்கும் ஈஎஸ்பிக்குள் பல பத்தாயிரம் வோல்ட் டிசி இருக்கும். எர்த் போடாமல் உள்ளே கால் வைக்கக் கூடாது. சோலார் நிலையத்தில் வெயில் இருக்கும்வரை பேனலை ஆஃப் செய்யவே முடியாது. ஒரு ஸ்டிரிங் (தொடராக இணைத்த பேனல் வரிசை) 1000, 1500 வோல்ட் வரை இருக்கும், லோடு ஓடும்போது கனெக்டரைப் பிடுங்கினால் ஆர்க் அணையாது.

ஷாக் அடித்துவிட்டால்

முதலில் சப்ளையை எடுங்கள், அப்புறம்தான் ஆளைத் தொட வேண்டும். உயர் அழுத்தம் என்றால் நிலையத்தார் துண்டித்துவிட்டோம் என்று சொல்லும்வரை கிட்டவே போகாதீர்கள். மூச்சு இல்லையென்றால் நெஞ்சின் நடுவில் 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்திக்கொண்டே இருங்கள், இன்னொருவர் ஏஈடி கருவியை (இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுத்துத் துடிப்பைச் சீராக்குவது) கொண்டு வரட்டும். எழுந்து உட்கார்ந்து "ஒன்றும் இல்லை" என்று சொல்கிறவரையும் மருத்துவமனைக்கு அனுப்புங்கள். இதயத் துடிப்பின் கோளாறு வெளியே தெரியாது. இந்த நிலையத்தின் அவசர எண் என்ன என்பதை வேலைக்கு முன்பே போனில் சேமித்திருக்க வேண்டும்.

படி 8: ட்ரையல் ரன்

பேரிங் மாற்றியாகிவிட்டது. கப்ளிங் மாட்டும் முன் மோட்டாரைத் தனியாக ஓட்டி, எந்தப் பக்கம் சுழல்கிறது, அதிர்வு எவ்வளவு என்று பார்ப்பார்கள். "ரெண்டே நிமிஷம், பூட்டை எடுத்துட்டு ஓட்டிப் பார்த்துடலாம்" என்பார்கள். ஓட்டுவதற்கு எர்த்தை எடுக்க வேண்டும், பிரேக்கரை உள்ளே தள்ள வேண்டும்; அந்த நொடியோடு உங்கள் பழைய பெர்மிட் செல்லாத தாள். ஆட்களை எண்ணி வெளியே நிறுத்தி, கருவிகளை எண்ணி எடுத்து, ஒவ்வொருவரும் தங்கள் பூட்டைத் தாங்களே கழற்றி, பெர்மிட்டைத் திருப்பிக் கொடுத்த பிறகே ஓட்ட வேண்டும்.

ஓட்டிப் பார்த்ததில் அதிர்வு அதிகம், மறுபடி திறக்க வேண்டும் என்றால் புதுப் பெர்மிட், மறுபடி பூட்டு, மறுபடி சோதனை, மறுபடி எர்த். காலையில் சோதித்தோமே என்பது கணக்கில் வராது. மோட்டார் நின்றதும் ஹீட்டர் திரும்பவும் உயிர் பெற்றிருக்கும், அதை மறுபடி எடுத்தார்களா என்றும் கேளுங்கள்.