காட்டுக்குள் எறும்பு

பெங்களூரு சிக்பேட்டையில் கட்டட மாடல் செய்பவர்களுக்கு விற்கிற குட்டி பிளாஸ்டிக் மரங்களில் ஒரு பாக்கெட் வாங்கினேன். மேஜைமேல் பகடை உருட்டி ஆடும் போர் விளையாட்டில் என் 28 மி.மீ. பொம்மைப் படைவீரர்கள் ஒளிய ஒரு காடு வேண்டும், அவ்வளவுதான். மேஜையில் வைத்தால் ஒன்றுகூட நிற்கவில்லை. பச்சையோ கல்யாண மண்டப அலங்காரம் மாதிரி பளபள.

நிற்க வைப்பது சுலபம். ஹார்டுவேர் கடையில் பெரிய இரும்பு வாஷர் வாங்கி, ஓட்டையில் அடிமரத்தைச் செருகி, எம்-சீல் பிசைந்து அடைத்தேன். அது இறுகுவதற்குள் ஊசியால் கீறி வேர்களும் இழுத்துவிட்டேன். இப்போது பகடை உருண்டு மோதினாலும் அசைவதில்லை.

பளபளப்புதான் பாடாய்ப் படுத்தியது. பெயின்ட் தோல் தோலாக உரிந்தது. பாத்திரம் தேய்க்கும் சோப்பில் கழுவிக் காயவிட்ட பிறகே பிடித்தது. முதலில் கரும்பழுப்பு அக்ரிலிக். காய்ந்ததும் தூரிகையில் சாம்பல் நிறம் தொட்டு, துணியில் நன்றாகத் துடைத்துவிட்டு, மிச்சம் ஒட்டியிருப்பதை மேடுகளில் மட்டும் தேய்த்தால் மரப்பட்டை எழும்பி வரும். மரத்தில் இலையாக ஒட்டியிருக்கும் தூள் உதிராமலிருக்க ஃபெவிகாலும் தண்ணீரும் சரிபாதி, ஒரு சொட்டு சோப்பு, ஸ்ப்ரே பாட்டில்.

சருகுக்கு டீச் சக்கை போட்டேன். அங்கேதான் மாட்டினேன், அது பாலும் சர்க்கரையும் சேர்ந்த சக்கை! மறுநாள் காலை அல்சூர் எறும்பெல்லாம் என் காட்டில். "பொம்மைக் காட்டுக்கு நிஜ மிருகம் வந்துடுச்சுடா" என்று அம்மா சிரித்தார். எல்லாவற்றையும் சுரண்டிப் போட்டேன். இப்போது வெறும் தண்ணீரில் கொதித்த சக்கை, மாடியில் இரண்டு நாள் வெயில், அப்புறம்தான் பசை.