சோதினைக்கு முதல் கொப்பியை மூடுங்கோ

ஸ்டடி லீவ் தொடங்கினா திருகோணமலையில எங்கட வீட்டு விறாந்தையில இருக்க இடம் இருக்காது. யாழ்ப்பாணத்தில படிக்கிற சித்தியிட மகள், வந்தாறுமூலை கம்பஸில இருந்து பையோட வந்து இறங்கிற பக்கத்து வீட்டுத் தம்பி, கோணேசபுரி கம்பஸுக்கு டவுனில இருந்தே பஸ்ஸில போய் வாற ரெண்டு பிள்ளையள், அவையிட கூட்டாளி ஒரு கிண்ணியாத் தங்கச்சி, எல்லாரும் பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு வந்து இருப்பினம். கேக்கிறது ஒரே கேள்விதான். அக்கா, விடிய விடியப் படிக்கிறன், ஒண்டும் மண்டையில நிக்குதில்ல, சோதினை ஹோலுக்க போனா எல்லாம் மறந்திடுமோ எண்டு நெஞ்சு படபடக்குது, என்ன செய்யிறது? ஒவ்வொரு செமஸ்டரும் வாயால சொல்லுறதை இந்தமுறை எழுதி வைக்கிறன், ஊருக்கு வராம ஹொஸ்டலிலயே நிண்டு படிக்கிற பிள்ளையளுக்கும் உதவட்டும்.

முதல்ல என்ர கதையைச் சொல்லிடுறன். முதல் வருசம் முதல் செமஸ்டர், ஒரு பாடத்திட நோட்ஸை நான் ஆறு தரம் வாசிச்சனான். மஞ்சள் கலர், பச்சைக் கலர் எல்லாம் அடிச்சு, எந்தப் பக்கத்தில எந்தப் படம் இருக்கு எண்டு கண்ணை மூடிச் சொல்லுவன். ஹோலில கேள்வியைப் பாத்தவுடன அந்தப் பக்கம் வடிவா ஞாபகம் வந்திச்சு, மேல் மூலையில பச்சை அடிச்சது கூடத் தெரிஞ்சுது, ஆனா அதில என்ன எழுதியிருக்கு எண்டது வரேல்ல. அந்தப் பேப்பர் போச்சு, அடுத்த பச் பிள்ளையளோட இருந்து ரிப்பீட் எழுதினன். ஒண்டைப் பாத்தவுடன இது எனக்குத் தெரியும் எண்டு தோணுறதும், வெறும் தாளில அதை எழுத முடியிறதும் ரெண்டு வேற விசயம் எண்டு அண்டைக்குத்தான் எனக்கு விளங்கினது. சோதினை கேக்கிறது ரெண்டாவதை.

இதை ஆக்கள் ஆராய்ச்சி செய்தும் பாத்திருக்கினம். 2006ல ரோடிகர், கார்ப்பிக் எண்டு அமெரிக்காவில ரெண்டு ஆராய்ச்சியாளர், கம்பஸ் பிள்ளையளிட்ட ஒரு பந்தியைக் குடுத்து, ஒரு கூட்டத்தை நாலு தரமும் வாசிக்க விட்டவை, இன்னொரு கூட்டத்தை ஒரு தரம் வாசிச்சிட்டு மூண்டு தரம் பாக்காம எழுதச் சொன்னவை. 5 நிமிசத்துக்குப் பிறகு சோதிச்சா வாசிச்ச ஆக்கள்தான் முன்னுக்கு நிண்டவை, 83 வீதம், மற்றவை 71. ஆனா ஒரு கிழமை கழிச்சுக் கேக்க எல்லாம் மாறிட்டுது, வாசிச்சவை 40 வீதம், எழுதிப் பாத்தவை 61 வீதம். ராத்திரி வாசிச்சு முடிய எல்லாம் தெரிஞ்ச மாதிரி இருந்திட்டு நாலு நாளில காணாமப் போறது இதாலதான், உங்கட மூளையில ஒரு குறையும் இல்ல.

அப்ப செய்ய வேண்டியது என்ன எண்டா, ஒரு டொபிக்கை ஒருக்கா விளங்கி வாசியுங்கோ, பிறகு கொப்பியை மூடி அடுத்த அறையில கொண்டு போய் வைச்சிட்டு, ஒரு வெறும் தாளை எடுத்து ஞாபகம் வாறதெல்லாத்தையும் எழுதுங்கோ. ஒழுங்கா வரவேணும் எண்டில்ல, அம்புக்குறி போட்டாலும் சரி, அரைவாசித் தமிழ் அரைவாசி இங்கிலீஷ் எண்டாலும் சரி. ஒண்டும் வரேல்ல எண்டாலும் பத்து நிமிசம் அந்தத் தாளோட இருங்கோ, அந்தக் கஸ்டத்தில இருந்துதான் பிறகு நிக்கிறது. முடிய கொப்பியை எடுத்து, விட்டதுகளை சிவப்புப் பேனையால அதே தாளில எழுதுங்கோ. இனி நீங்கள் படிக்க வேண்டியது அந்தச் சிவப்பு மட்டும்தான். முழு நோட்ஸும் திருப்பி வாசிக்கத் தேவையில்ல, அதில எவ்வளவு நேரம் மிஞ்சுது எண்டு ரெண்டு நாள் செய்து பாத்தாத் தெரியும்.

அதே டொபிக்கை அண்டைக்கே அஞ்சு தரம் செய்யாதேங்கோ. எபிங்ஹாஸ் எண்ட ஜெர்மன்காரர் 1885லயே தன்னையே சோதிச்சு எழுதி வைச்சிருக்கிறார், பாடமாக்கினது முதல் நாளுக்குள்ளதான் வேகமா மறக்குது, பிறகு மறக்கிற வேகம் குறையுது. அதால அடுத்த நாள் ஒருக்கா, மூண்டு நாள் விட்டு ஒருக்கா, ஒரு கிழமை விட்டு ஒருக்கா எண்டு இடைவெளி விட்டு எழுதிப் பாருங்கோ. சுவரில ஒரு தாள் ஒட்டி டொபிக் பேர், எழுதின திகதி, திருப்பி எழுத வேண்டிய திகதி மூண்டையும் போட்டா காணும், அதுக்கு மேல கலர் கலரா டைம்டேபிள் கீறுறதில ஒரு நாளைக் கரைக்காதேங்கோ.

பாஸ்ட் பேப்பரைக் கனபேர் கடைசி ரெண்டு நாளில எடுக்கிறது. அது பிழை, முதல் நாளே எடுங்கோ. கடந்த அஞ்சு வருசப் பேப்பரை ஒண்டா வைச்சு எந்த டொபிக் எத்தனை தரம் வந்திருக்கு, எத்தனை புள்ளிக்கு வந்திருக்கு எண்டு கோடு போட்டுப் பாருங்கோ, ஆனா சிலபஸ் மாறியிருக்கா, லெக்சரர் மாறியிருக்கிறாரா எண்டும் சீனியர்மாரிட்டக் கேளுங்கோ, ஆள் மாறினா கேள்வி கேக்கிற விதமே மாறும். பிறகு ஒரு பேப்பராவது மணிக்கூட்டை வைச்சு, ஃபோனை அம்மாட கையில குடுத்திட்டு, முழு நேரமும் இருந்து எழுதுங்கோ. ஹோலில வாற பயத்தில பாதி அந்தச் சூழல் புதுசா இருக்கிறதால வாறது. வீட்டில ரெண்டு மூண்டு தரம் அந்த மூண்டு மணித்தியாலத்தைக் கடந்திட்டா கைக்கும் தெரியும், நெஞ்சுக்கும் தெரியும்.

இனி குப்பி, அதான் பிள்ளையள் சேந்திருந்து ஒருத்தருக்கொருத்தர் பாடம் சொல்லிக் குடுக்கிறது. குப்பிக்குப் போங்கோ, ஆனா அதில ஆருக்கு லாபம் எண்டு யோசிச்சுப் பாருங்கோ, சொல்லிக் குடுக்கிற ஆளுக்குத்தான். கரும்பலகைக்கு முன்னால நிண்டு சொல்லேக்க எங்க தடக்குதோ அங்கதான் அந்த ஆளுக்கு விளங்கேல்ல எண்டு உடன தெரிஞ்சிடும். அதால நாலு பேர் சேந்தா நாலு பேரும் ஆளுக்கொரு டொபிக் எடுத்துச் சொல்லுங்கோ, எப்பவும் கெட்டிக்காரன் ஒருத்தனையே நிக்க விட்டு மற்றவை ஃபோனில படம் எடுத்துக்கொண்டு இருந்தா அந்தப் படத்தை ஒருத்தரும் பிறகு திறக்கிறதில்ல. சொல்லிக் குடுக்கப் பயமா இருந்தா தங்கச்சிக்குச் சொல்லுங்கோ, அம்மம்மாவுக்குச் சொல்லுங்கோ. சித்தியிட மகள் எக்கொனொமிக்ஸ் டிமாண்ட் கேர்வை, வெள்ளிக்கிழமை மீன் விலை ஏன் குறையுது எண்டு வைச்சு எங்கட அம்மம்மாவுக்கு விளங்கப்படுத்தினவ, அவ அதை இனி மறக்கமாட்டா.

இங்கிலீஷ் மீடியம்தான் எங்கட பிள்ளையளைக் கூடுதலா உடைக்கிறது, இதை ஒருத்தரும் வெளியில சொல்லுறதில்ல. ஏஎல் வரைக்கும் தமிழில படிச்சு மூண்டு ஏ எடுத்த பிள்ளை, கம்பஸுக்கு வந்து ஒரு வருசமா வாயே திறக்காம இருக்கிறதை நான் கண்டிருக்கிறன். வெக்கப்படாதேங்கோ. முதல்ல தமிழில விளங்குங்கோ, தமிழிலயே உங்களுக்கு நீங்களே சொல்லிப் பாருங்கோ, பிறகு அந்த டொபிக்குக்கு வேணும் எண்ட இங்கிலீஷ் சொல்லு இருபதை மட்டும் எடுத்து சின்னச் சின்ன வசனமா எழுதிப் பழகுங்கோ. நீட்டு வசனம் எழுதப் போய்த்தான் சிக்குப்படுறது, ஒரு வசனத்தில ஒரு விசயம் சொன்னாப் போதும். அதோட கேள்வியில வாற வினைச்சொல்லைப் படியுங்கோ. டிஃபைன் எண்டா வரைவிலக்கணம், ரெண்டு வரி காணும். எக்ஸ்பிளெய்ன் எண்டா ஏன் எப்பிடி எண்டு சொல்லவேணும். டிஸ்கஸ் எண்டா ரெண்டு பக்கத்தையும் கொண்டு வரவேணும், இவெல்யுவேட் எண்டா கடைசியில உங்கட முடிவையும் எழுதவேணும். கேட்டது ஒண்டு எழுதினது இன்னொண்டு எண்டுதான் கனக்கப் புள்ளி போறது, பாடம் தெரியாமப் போறது அதை விடக் குறைவு.

நேரத்தைப் பற்றிச் சொன்னா, திருகோணமலை வெக்கைக்குப் பகலில இருந்து படிக்கிறது லேசில்ல. கச்சான் காத்து அடிக்கிற மாசங்களில மத்தியானம் தகரக் கூரைக்குக் கீழ இருந்தா கொப்பி கூடச் சுடும். அதால பாரமான பாடத்தை விடிய நாலரையில இருந்து ஏழரைக்குள்ள முடிச்சிடுங்கோ, அந்தக் கிண்ணியாத் தங்கச்சி சுபஹு தொழுதிட்டுத் திருப்பிப் படுக்காம அப்பிடியே இருந்து படிப்பா, பத்து மணிக்கு மற்றவை தொடங்கேக்க அவ ஒரு டொபிக் முடிச்சிருப்பா. மத்தியானம் சாப்பிட்டு இருபது நிமிசம் கண்ணயருங்கோ, பிறகு கணக்கு, படம் கீறுறது மாதிரிக் கை வேலையை வையுங்கோ. பின்னேரம் அஞ்சரைக்கு எல்லாத்தையும் போட்டிட்டு அரை மணித்தியாலம் நடவுங்கோ, டச் பே பக்கம் எண்டாலும் சரி, உப்புவெளிக் கடற்கரை எண்டாலும் சரி, கோணேஸ்வரத்துக்கு கோட்டைக்குள்ளால ஏறிப் போனாலும் சரி. அதை நேரம் வீணாப் போகுது எண்டு நினைக்காதேங்கோ, திரும்பி வந்து இருக்கிற அந்த ரெண்டு மணித்தியாலம் எப்பிடிப் போகுது எண்டு பாருங்கோ.

நித்திரையில கை வைக்காதேங்கோ, இதில நான் விட்டுக்குடுக்கமாட்டன். பகல் படிச்சதை மூளை நித்திரையிலதான் அடுக்கி வைக்கிறது. கம்பஸில இரவிரவா முழிச்சிருக்கிறதைப் பெருமையாக் கதைப்பினம், ஆனா முழிச்சிருந்து ஹோலுக்குப் போற பிள்ளை தெரிஞ்ச கணக்கையே பிழையாச் செய்யும். பிளேன்டீ குடியுங்கோ, பின்னேரம் நாலு மணிக்கு மேல வேண்டாம், குடிச்ச கஃபீன்ல பாதி அஞ்சு ஆறு மணித்தியாலம் கழிச்சும் உடம்பில நிக்கும். கூட்டாளி தந்தது எண்டு முழிச்சிருக்கிற குளிசை ஒண்டும் போடாதேங்கோ.

இனி அந்தப் படபடப்பு. நெஞ்சு அடிக்கிறது, கை வேர்க்கிறது, வயித்தைப் பிரட்டுறது எல்லாம் அட்ரினலின் செய்யிற வேலை, உடம்பு ஒரு முக்கியமான விசயத்துக்கு ஆயத்தமாகுது, நீங்கள் ஏலாத ஆள் எண்டு அது சொல்லேல்ல. கொஞ்சம் இருந்தா நல்லதும்கூட. கூடிப் போனா மூச்சைக் கவனியுங்கோ, நாலு எண்ணுற வரை மூக்கால இழுத்து, ஆறு எட்டு எண்ணுற வரை மெல்ல விடுங்கோ, விடுற மூச்சு நீளமா இருக்கவேணும், அதுதான் இதயத்திட வேகத்தைக் குறைக்கிறது. பத்துத் தரம் செய்யுங்கோ, ஆனா ஹோலில முதல் தரமாச் செய்து பாக்காதேங்கோ, இண்டைக்கே படுக்க முதல் பழகுங்கோ. இன்னொண்டு, 2011ல ரமிரெஸ், பைலாக் எண்ட ஆராய்ச்சியாளர் செய்து பாத்தது, சோதினைக்குச் சற்று முதல் பத்து நிமிசம் தங்கட பயத்தைத் தாளில எழுதின பிள்ளையள், எழுதாத பிள்ளையளை விட நல்லாச் செய்தவை. என்ன பயம் எண்டு ஒளிக்காம எழுதுங்கோ, அப்பா கடன் வாங்கிப் படிப்பிக்கிறார், டிகிரிக்கு கிளாஸ் கிடைக்காட்டி என்ன சொல்லுறது, மாமா மகன் பாஸ் பண்ணிட்டான், எல்லாத்தையும். எழுதிட்டுக் கிழிச்சுப் போடுங்கோ.

சோதினைக்கு முதல் நாள் பின்னேரம் ஆறு மணிக்கு மேல புதுசா ஒண்டும் தொடாதேங்கோ. அட்மிஷன் கார்ட், ஐடி, ரெண்டு பேனை, கல்குலேட்டர், தண்ணிப் போத்தல் எல்லாத்தையும் பையில வையுங்கோ. மூதூர், கிண்ணியாப் பக்கத்தால வாற பிள்ளையள் வழமையா வாற பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸில வாங்கோ. காலமை ரெண்டு இடியப்பமாவது சாப்பிடுங்கோ, புட்டை நிறையச் சாப்பிட்டிட்டுப் போனா நித்திரை தூங்கும். ஹோல் வாசலில கொப்பியோட நிண்டு அது படிச்சனியா இது படிச்சனியா எண்டு கேக்கிற கூட்டத்தில இருந்து தள்ளி நில்லுங்கோ, கூட்டாளியைப் பகைக்கத் தேவையில்ல, பாத்ரூம் போறன் எண்டு சொல்லிட்டு மெல்ல விலகுங்கோ.

பேப்பர் கைக்கு வந்தவுடன எழுதத் தொடங்காதேங்கோ. மூண்டு மணித்தியாலத்தில அஞ்சு கேள்வி எண்டா 180 நிமிசம், வாசிக்க 5, கடைசியில திருப்பிப் பாக்க 10, மிச்சம் 165, ஒரு கேள்விக்கு 33 நிமிசம். அதைக் கேள்வித்தாளிட ஓரத்தில மணிக்கணக்கா எழுதி வையுங்கோ, ஒன்பது மணிப் பேப்பர் எண்டா 9.38க்கு முதல் கேள்வி முடியவேணும். முடியாட்டி இடம் விட்டிட்டு அடுத்ததுக்குப் போங்கோ, நல்லாத் தெரிஞ்ச கேள்விக்கு இன்னும் பத்து நிமிசம் எழுதி ஒரு புள்ளி கூட எடுக்கிறதை விட, தொடாத கேள்விக்கு அந்தப் பத்து நிமிசம் எழுதினா அஞ்சு ஆறு புள்ளி வரும். தெரிஞ்சதில தொடங்குங்கோ. மண்டை வெறுமையாப் போச்சு எண்டா பேனையை வைச்சிட்டு ரெண்டு காலையும் நிலத்தில அழுத்தி மூச்சை விட்டு, அந்த டொபிக்கில தெரிஞ்ச ஒரேயொரு சொல்லை ஓரத்தில எழுதுங்கோ, அதைப் பிடிச்சுக்கொண்டு அடுத்தது வரும்.

வெளியில வந்து விடை ஒப்பிடாதேங்கோ. அடுத்த பேப்பர் கிடக்கு.

படபடப்பு சோதினையோட போகாம, ரெண்டு கிழமைக்கு மேல நித்திரை இல்ல, சாப்பாடு இறங்குதில்ல, ஏன் இருக்கிறன் எண்டு நினைப்பு வருது எண்டா இந்தக் கட்டுரை காணாது. கம்பஸில மாணவர் ஆலோசகரிட்டப் போங்கோ, இல்லாட்டி தேசிய மனநல நிறுவகத்திட 1926க்கு எடுங்கோ, இரவு பகல் எந்த நேரமும் கதைக்கலாம். உங்கட கூட்டாளி அப்பிடிக் கதைச்சா விளையாட்டு எண்டு எடுக்காதேங்கோ, பக்கத்தில இருந்து நீங்களே நம்பரை அடிச்சுக் குடுங்கோ. சோதினையண்டு காய்ச்சல் எண்டா தாங்கிக்கொண்டு போய் இருக்க முதல் கம்பஸ் ஹேண்ட்புக்கில மெடிக்கல் சேர்டிபிகேட் குடுக்கிற விதியைப் பாருங்கோ, எத்தனை நாளுக்குள்ள, எந்த டொக்டரிட்ட எண்டது இடத்துக்கு இடம் மாறும், மெடிக்கல் ஏற்றுக்கொண்டா பிறகு எழுதுறதும் முதல் தடவை எழுதினதா எடுபட வாய்ப்பிருக்கு.

ஒரு பேப்பர் போனா, நானும் அங்க நிண்டனான். பொதுவா ரிப்பீட்டில எவ்வளவு நல்லா எழுதினாலும் சி கிரேட்டுக்கு மேல தரமாட்டாங்கள், அதால ஜிபிஏ கொஞ்சம் இறங்கும்தான், ஆனா மிச்சப் பாடங்களில ஏத்தலாம், நான் ஏத்தினனான். வீட்டை அண்டைக்கே சொல்லுங்கோ, ஒளிச்சுக்கொண்டு அடுத்த செமஸ்டர் படிக்கிறது ரெண்டு மடங்கு பாரம். அந்தப் பாடத்திட சிவப்பு எழுதின தாளுகளை எறியாதேங்கோ, ஒரு ஃபைலில போட்டு வையுங்கோ, அதோட ரிப்பீட் ஃபோம் நிரப்பிற கடைசித் திகதியைக் கேட்டு ஒரு கிழமை முந்தியே அடிக்கிற மாதிரி ஃபோனில அலாரம் வையுங்கோ.