டிகாஷன் இறங்கவில்லையா? காபி ஃபில்டர் பராமரிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காலை ஐந்தரை மணி. ராத்திரியே தூள் போட்டு, வெந்நீர் ஊற்றி மூடி வைத்த ஃபில்டரைத் திறந்தால், மேலே தண்ணீர் அப்படியே நிற்கிறது. கீழே இரண்டு ஸ்பூன் டிகாஷன்கூட இல்லை. அடுப்பில் பால் பொங்க ஆரம்பித்துவிட்டது. அந்த நேரத்துக் கோபம் முழுவதும் தூள் மேல்தான் போகும். ‘இந்தத் தடவை அரைத்தது சரியில்லை’ என்று சொல்லி அடுத்த மாதம் கடையை மாற்றுகிறவர்களை எனக்குத் தெரியும். கடை மாறியும் டிகாஷன் இறங்காது. ஏனென்றால் பல வீடுகளில் கோளாறு மேல் பாத்திரத்தின் அடியில் இருக்கிறது.

மற்ற பாத்திரங்களோடு சேர்த்து ஃபில்டரையும் ஒரு டம்ளரைக் கழுவுவதுபோலவே கழுவிக் கவிழ்த்துவிடுகிறோம். நான் பார்த்தவரை எல்லாத் தவறும் இங்கேதான் தொடங்குகிறது. டம்ளருக்கு உள்சுவர் சுத்தமாக இருந்தால் போதும். ஃபில்டரின் உயிர் அந்தப் பொடி ஓட்டைகளில் இருக்கிறது. விரலும் போகாது, தேய்க்கும் நாரும் போகாது.

ஒரு தடவை உங்கள் ஃபில்டரின் மேல் பாத்திரத்தை நன்றாகக் காயவைத்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கி, உள்பக்கமாகப் பாருங்கள். சில ஓட்டைகள் முழு வெளிச்சப் பொட்டாகத் தெரியும். சில, பிறை நிலா மாதிரி பாதி தெரியும். சில இடங்களில் ஒன்றுமே தெரியாது. பெரும்பாலும் நடுப்பகுதி திறந்திருக்கும், ஓரத்து வட்டம் அடைத்திருக்கும். தேய்க்கும்போது விரல் ஓரத்துக்குப் போகாததுதான் காரணம். மாதம் ஒருமுறை இப்படிப் பார்க்கிற வழக்கம் இருந்தால், இந்தக் கட்டுரையில் பாதி உங்களுக்குத் தேவைப்படாது.

ஓட்டையை அடைக்கிற அழுக்கு ஒரே வகை அல்ல. முதலாவது, காபியிலிருந்து வருவது. காபிக்கொட்டையில் எண்ணெய் உண்டு; அராபிகாவில் அதன் எடையில் ஏறத்தாழ 15 சதவீதம், ரோபஸ்டாவில் சுமார் 10 சதவீதம். காகித ஃபில்டர் அந்த எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்ளும், குடித்ததும் அதைத் தூக்கி எறிந்துவிடுவார்கள். நம் உலோக ஃபில்டரில் எண்ணெய் டிகாஷனோடு இறங்கும். மணத்துக்கு அது நல்லது. ஆனால் இறங்கும் வழியெல்லாம் ஒரு மெல்லிய படலத்தை விட்டுப் போகும். அந்தப் படலம் நாள்பட்டால் சிக்கு வாடை அடிக்கும். இதோடு நம் ஊர்த் தூளில் சிக்கரியும் உண்டு. சிக்கரி என்பது வறுத்த வேர். வெந்நீரில் நிறையக் கரையும், கரைந்தது காய்ந்தால் பாகு போல ஒட்டும். எண்ணெயும் பாகும் சேர்ந்து, மாவு போன்ற நுண்ணிய தூளை ஓட்டைக்குள் பிடித்து வைக்கின்றன.

இரண்டாவது, தண்ணீரிலிருந்து வருவது. போர்வெல் தண்ணீர் உள்ள வீடுகளில் வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே உப்புதான் ஃபில்டரின் ஓட்டைகளைச் சுற்றியும் படிகிறது. காபிக் கறை ஏறி பழுப்பாகிவிடுவதால் அது உப்பு என்றே தெரியாது.

முதல் அழுக்குக்குச் சமையல் சோடா மாதிரி காரம் (மிளகாய்க் காரம் அல்ல) வேண்டும், இரண்டாவதற்கு எலுமிச்சை மாதிரி புளிப்பு வேண்டும். இது தெரியாமல் செய்கிற ஒரு தவறு இப்போது வீடியோக்களைப் பார்த்துப் பரவிவிட்டது: சமையல் சோடாவையும் வினிகரையும் ஒன்றாகக் கொட்டி நுரை பொங்கவிடுவது. பார்க்க ஏதோ பெரிய வேலை நடக்கிற மாதிரி இருக்கும். ஆனால் காரமும் புளிப்பும் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. மிஞ்சுவது ஏறக்குறைய வெறும் உப்புத் தண்ணீர். தனித்தனியாகச் செய்யுங்கள், வரிசையும் மாற வேண்டாம். எவர்சில்வர் ஃபில்டர் என்றால், ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு டீஸ்பூன் சமையல் சோடா போட்டு, மேல் பாத்திரத்தையும் காம்பு வைத்த அழுத்துத் தட்டையும் அதில் மூழ்கவைத்துப் பத்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். தண்ணீர் டீ நிறத்துக்கு மாறும். எடுத்து, அலசி, பழைய டூத் பிரஷ்ஷால் வெளிப்பக்கத்திலிருந்து தேய்த்துவிட்டு, குழாயடியில் தலைகீழாகப் பிடியுங்கள். டிகாஷன் இறங்குகிற திசைக்கு எதிர்த் திசையில் தண்ணீர் போக வேண்டும், அப்போதுதான் ஓட்டையில் சிக்கிய துகள் வந்த வழியே திரும்பும். உள்பக்கத்திலிருந்து அழுத்தித் தேய்த்தால் அதை இன்னும் ஆழமாகத் திணிக்கிறோம்.

அதற்கு அப்புறம்தான் எலுமிச்சை. வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு பழத்தின் சாறு, அல்லது லெமன் சால்ட் (சிட்ரிக் அமிலத் தூள்) ஒரு டீஸ்பூன்; இருபது நிமிடம் ஊறினால் போதும். உப்பு இருக்கிற இடத்தில் ஓட்டையைச் சுற்றிப் பொடிப்பொடியாகக் குமிழ் கிளம்புவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். எண்ணெய்ப் படலம் மேலே இருக்கும்போது எலுமிச்சையை ஊற்றினால் புளிப்பு உள்ளே போய்ச் சேராது. அதனால்தான் முதலில் சோடா.

ஊசி விஷயத்துக்கு வருகிறேன், இதில் எனக்கு வருத்தம் உண்டு. கல்யாணமான புதிதில், வீட்டில் நெடுநாளாக இருந்த ஒரு ஃபில்டர் அடைத்துக்கொண்டது. சேஃப்டி பின்னை நிமிர்த்தி, ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து, ஒவ்வொரு ஓட்டையாகக் குத்தி எடுத்தேன். மறுநாள் டிகாஷன் மளமளவென்று இறங்கியது. பத்து நிமிடத்தில் கீழ்ப் பாத்திரம் நிரம்பிவிட்டது. காபி தண்ணீராக இருந்தது, டம்ளரின் அடியில் கைப்பிடி மண்டி. மாமியார் மேல் பாத்திரத்தை எடுத்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, “ஓட்டையைப் பெரிசாக்கிட்டியேம்மா, இனிமே இதுல தூள் நிக்காதே” என்றார். கோபமே படாமல் சொன்னார். அந்த ஃபில்டரை அப்புறம் சரிசெய்ய முடியவில்லை. அந்தத் தகடு மெல்லியது. ஊசி அடைப்பை மட்டும் தள்ளாது, ஓட்டையின் விளிம்பையும் அகட்டிவிடும். ஒருமுறை அகண்ட ஓட்டை சுருங்காது. குத்தித்தான் ஆக வேண்டும் என்றால் பல் துலக்கும் பிரஷ்ஷின் இழையைவிடக் கடினமான எதுவும் வேண்டாம்.

அடுத்தது, அடுப்பில் காட்டுவது. அடைத்த மேல் பாத்திரத்தை காஸ் தீயில் கவிழ்த்துப் பிடித்து, உள்ளே இருப்பது கருகி உதிரும்வரை காட்டுவது பல வீடுகளில் தலைமுறையாக நடக்கிறது. உடனே பலன் தெரிவதால் நம்பிக்கையும் போவதில்லை. எவர்சில்வரில் இதைச் செய்தால் அடி நீலமும் பழுப்புமாக நிறம் மாறும், அது பரவாயில்லை. மெல்லிய அடித்தகடு சூட்டில் நெளிந்துவிடுவதுதான் நஷ்டம். நெளிந்த அடியில் அழுத்துத் தட்டு சமமாக உட்காராது, வெந்நீர் ஒரு பக்கமாக வழி கண்டு இறங்கிவிடும், மறுபக்கத்துத் தூள் நனைந்ததோடு சரி.

பித்தளை ஃபில்டரைத் தீயில் காட்டவே கூடாது. உள்ளே ஈயம் பூசியிருக்கிறது. ஈயச் சொம்பில் ரசம் வைக்கிறவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை: உள்ளே தண்ணீர் இல்லாமல் சொம்பை அடுப்பில் ஏற்றினால் உருகி ஓடிவிடும். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகும். காஸ் தீக்கு அது ஒன்றுமே இல்லை. உருகிய ஈயம் ஓட்டைகளுக்குள் இறங்கி உறைந்தால், அதற்கு மேல் ஒரு சோடாவும் உதவாது.

பித்தளை வைத்திருப்பவர்கள் செய்யும் இன்னொரு தவறு, வெளியே பளபளப்பாக்கிய புளியாலேயே உள்ளேயும் தேய்ப்பது. வெளிப்பக்கத்துக்குப் புளி அருமை. உள்பக்கம் புளியும் பொடியும் போட்டு அழுத்தித் தேய்த்தால் பூச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து, ஒருநாள் உள்ளே மஞ்சள் நிறம் எட்டிப் பார்க்கும். காபி லேசான புளிப்புத் தன்மை உள்ளது. அது ராத்திரி முழுவதும் வெறும் பித்தளையில் நின்றால் செம்பும் துத்தநாகமும் கரைந்து டிகாஷனில் சேரும், நாளடைவில் பச்சைக் களிம்பு பிடிக்கும். மஞ்சள் தெரிந்த அன்றே அதில் காபி போடுவதை நிறுத்திவிட்டு, மறுபடி பூசக் கொடுங்கள். பூசுகிறவரிடம் சுத்த வெள்ளீயம்தான் வேண்டும் என்று கேட்டு வாங்குவது உங்கள் பொறுப்பு. காரீயம் கலந்தால் மலிவு. ஆனால் காரீயம் விஷம், குழந்தைகளுக்கு இன்னும் மோசம். பூச்சு உள்ள உள்பக்கத்துக்கு எலுமிச்சையில் ஊறவைப்பதும் வேண்டாம். கொதிக்கும் வெந்நீரும் மெல்லிய பிரஷ்ஷும் போதும்.

கம்பி நார், எவர்சில்வருக்கும் எதிரிதான். இரும்புக் கம்பியின் துணுக்குகள் ஓட்டையில் மாட்டி அங்கேயே துருப்பிடிக்கும், பார்ப்பவர்கள் ‘எவர்சில்வரே துருப்பிடிக்கிறது’ என்பார்கள். வெள்ளைத்துணிக்குப் போடுகிற பிளீச்சையும் உள்ளே ஊற்றாதீர்கள். அதிலுள்ள குளோரின் எவர்சில்வரில் புள்ளி புள்ளியாக அரிக்கும்.

சோப்பு? எண்ணெய் இருப்பதால் வாரம் ஒருமுறை போடலாம் என்பது என் பழக்கம். தினமும் தேவையில்லை. மண்டியைச் சூடு ஆறும் முன்பே தட்டிவிட்டு வெந்நீரில் அலசினாலே போதும். சோப்பு போட்டால் முழுக்க வெளியேற்றுவது கஷ்டம், ஓட்டைகளில் தங்கிவிடும். எலுமிச்சை வாசனை சோப்பின் வாடை காபியில் வருவதைப் பலர் பால் கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். சந்தேகம் வந்தால் ஒரு சோதனை உண்டு. தூள் போடாமல் ஃபில்டரைப் பூட்டி, கொதிக்கும் தண்ணீரை மட்டும் ஊற்றி மூடுங்கள். கீழே இறங்கிய வெந்நீரை ஒரு டம்ளரில் ஊற்றி முகர்ந்து பாருங்கள், ஒரு வாய் குடித்தும் பாருங்கள். சோப்போ சிக்கு வாடையோ இருந்தால் அது நாளைய காபியிலும் இருக்கும். தண்ணீர் தண்ணீராகவே இருந்தால் ஃபில்டர் சுத்தம்.

எல்லாவற்றையும்விட அதிகம் நடக்கிற தவறு சோம்பலில் நடப்பது: காலையில் டிகாஷனை எடுத்துக்கொண்டு, மண்டியோடு ஃபில்டரை அப்படியே மேடையில் விடுவது. சாயங்காலம் தூள் போடப் போகும்போதுதான் அதன் ஞாபகம் வரும். அதற்குள் மண்டி காய்ந்து தகடோடு ஒட்டியிருக்கும். ஊருக்குப் போய்விட்டு மூன்று நாள் கழித்து வந்து திறந்தால் பூஞ்சையே பூத்திருக்கும். மண்டியை சிங்க்கில் கொட்டாதீர்கள், அடுத்து அடைப்பது சிங்க் குழாய். செடிகளுக்குப் போடலாம், ஆனால் மெல்லிசாகத் தூவி மண்ணோடு கிளறிவிட வேண்டும். தடிமனாகக் குவித்தால் ஓடு போல இறுகித் தண்ணீரை உள்ளே விடாது.

மேல் பாத்திரமும் கீழ்ப் பாத்திரமும் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு வராமல் போவதும் பல வீடுகளில் உண்டு. சூட்டோடு மூடிய ஃபில்டர் ராத்திரியில் ஆறும்போது, கீழே இருக்கும் ஆவி குளிர்ந்து உள்ளே காற்று சுருங்குகிறது. ஈரத்தூள் ஓட்டைகளை அடைத்திருப்பதால் மேலிருந்தும் காற்று போக வழியில்லை. அதனால் மேல் பாத்திரம் உறிஞ்சிப் பிடித்த மாதிரி நிற்கும். அம்மிக்குழவியால் தட்டி, மேடையில் இடித்து, வாய் நசுங்கிய ஃபில்டர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வாய் ஒருமுறை நசுங்கினால் அப்புறம் தினமும் மாட்டும். தட்டவே வேண்டாம். கீழ்ப் பாத்திரத்தை மட்டும் வெந்நீரில் ஒரு நிமிடம் நிற்கவையுங்கள், மேல் பாத்திரத்துக்குள் கொஞ்சம் குளிர்ந்த தண்ணீர் ஊற்றுங்கள். வெளியே இருப்பது விரியும், உள்ளே இருப்பது சுருங்கும். லேசாகத் திருகினால் வந்துவிடும்.

இதே காற்றுதான் சில நாள், சுத்தமான ஃபில்டரிலும் டிகாஷனை நிறுத்தும். இரண்டும் இறுக்கமாக உட்கார்ந்தால் கீழே உள்ள காற்று வெளியேற முடியாமல் சொட்டுவது நின்றுவிடும். மேல் பாத்திரத்தை ஒரு நூல் அளவு தூக்கி, மறுபடி வைத்தால் ‘களுக்’ என்று ஒரு சத்தம் கேட்கும், சொட்டத் தொடங்கும். ஃபில்டரைப் பிரித்துத் தேய்க்க ஆரம்பிக்கும் முன் இதைச் செய்து பாருங்கள். தூளை அழுத்துத் தட்டால் பலமாக அமுக்கியிருந்தாலும் இதே கதைதான். தட்டு தூளின் மேல் உட்கார்ந்தால் போதும், கையால் நெருக்க வேண்டியதில்லை.

கழுவிய பிறகு ஈரத்தோடு மூடியைப் போட்டு அலமாரியில் வைக்காதீர்கள். நான்கு துண்டுகளையும் தனித்தனியே கவிழ்த்து, முடிந்தால் வெயில் படுகிற இடத்தில் காயவிடுங்கள்.

புதிதாக வாங்கியவர்களுக்கு ஒரு வார்த்தை. தகட்டில் ஓட்டை போட்டு, பாலிஷ் ஏற்றி வந்த சரக்கு அது. எண்ணெயும் பாலிஷ் கறுப்பும் ஓட்டைகளில் தங்கியிருக்கும். வெள்ளைத் துணியால் உள்ளே துடைத்துப் பார்த்தால் தெரியும். எவர்சில்வர் என்றால் மேலே சொன்ன சோடாக் கொதியலை முதலில் கொடுங்கள். ஈயம் பூசிய பித்தளைக்கு சோப்பும் வெந்நீரும் போதும். அப்புறம் பழைய தூள் மிச்சமிருந்தால் இரண்டு ஸ்பூன் போட்டு டிகாஷன் இறக்கி, அதைக் கொட்டிவிடுங்கள். அடுத்து இறங்குவதில் வீட்டுக்குக் காபி கலக்கலாம்.