வளைந்த மூலையில் டைல்ஸ்: நாங்கள் சறுக்கிய இடங்கள்

ஏற்காட்டில் மாமாவின் வீடு பழைய கல் கட்டடம். குளியலறையில் ஒரு மூலை உருண்டையாக உள்வாங்கியிருக்கும். சேலத்திலிருந்து ஒரு அடிக்கு இரண்டு அடி டைல்ஸ் வாங்கிக்கொண்டு போனோம். மூலைக்கு வந்ததும் மேஸ்திரி, "பின்னாடி கலவையை ரொப்பி நேராக்கிடலாங்க" என்றார். நாங்களும் சரி என்றோம். மூன்றே மாதத்தில், விரலால் தட்டினால் டொக் டொக்கென்று வெற்றுச் சத்தம்.

கணக்கு போட்டுப் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். 30 செ.மீ. ஆரமுள்ள வளைவில் 30 செ.மீ. அகல டைலை வைத்தால், நடுவில் சுவருக்கும் டைலுக்கும் சுமார் 4 செ.மீ. இடைவெளி. அதையே 10 செ.மீ. பட்டையாக வெட்டினால் 4 மி.மீ. தான்; டைல் ஒட்டும் பசையான அட்ஹெசிவிலேயே அடங்கிவிடும். 5 செ.மீ. பட்டை என்றால் 1 மி.மீ., கண்ணுக்கே தெரியாது. அதாவது டைலின் அகலத்தை வளைவுதான் முடிவு செய்யும், கடையில் இருக்கும் அளவு அல்ல. அந்த மூலை கால் வட்டம், நீளம் 47 செ.மீ. டைல்களுக்கு நடுவே 2 மி.மீ. ஸ்பேசர் (இடைவெளி விடும் சின்ன பிளாஸ்டிக் துண்டு) வைத்தால் 5 செ.மீ. பட்டை ஒன்பது கச்சிதமாக உட்காரும். உள்வாங்கிய வளைவில் பட்டைகளின் முன் விளிம்புகள் ஒன்றையொன்று இடிக்கும் என்பதால் ஸ்பேசரை விட்டுவிடக் கூடாது. வெட்டிய விளிம்பைக் கல்லில் தேய்த்துவிடுங்கள், இல்லையென்றால் கையைக் கிழிக்கும்.

ஜன்னலில் வேறு கதை. பழைய வீட்டு ஜன்னல் சதுரமாக இருக்கும் என்று நம்பி ஒரே இடத்தில் அளந்தோம். மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் அளக்க வேண்டும். ஜன்னல் குழியின் பக்கச் சுவரில் முழு டைல் முன்பக்கம் வரட்டும். வெட்டுத் துண்டு சட்டத்தை ஒட்டி உள்ளே போகட்டும். எங்கள் வீட்டில் தலைகீழ். வாசலில் நுழைந்ததும் கண்ணில் படுவது அந்த இரண்டு விரல் அகலத் துண்டுதான்.

ஜன்னல் ஓரத்தில் இரண்டு டைல் சேரும் முனையை 45 டிகிரியில் சீவும்போது கத்தி முனை போலச் சீவாதீர்கள், வாளி பட்டாலே பெயர்ந்துவிடும். ஒரு மி.மீ. கனம் விட்டு வையுங்கள்.

ஜன்னலின் அடிப்பலகை டைலை முதலில், குளியலறைப் பக்கம் லேசாகச் சரித்து ஒட்டிவிட்டு, பக்கவாட்டு டைல்களை அதன் மேல் நிறுத்த வேண்டும். மரச்சட்டத்தை ஒட்டிய இடைவெளியில் கிரவுட் (டைல் இடுக்கில் அடைக்கும் சிமென்ட் கலவை) வேண்டாம், ரப்பர் போல வளையும் சிலிக்கான் போதும். ஏற்காட்டு மூடுபனியில் மரம் உப்பும், கோடையில் சுருங்கும். கிரவுட் அதோடு சேர்ந்து அசையாது, வெடிக்கும். எங்கள் ஜன்னலில் அந்த வெடிப்பு வழியாக இறங்கிய கறுப்புக் கோடு இன்னும் அப்படியே இருக்கிறது.