ஹோட்டல் மேனேஜ்மென்ட் படிக்கப் போகிறவர்களுக்கு

ஹோட்டல் மேனேஜ்மென்ட் என்றதும் பலருக்கு செஃப் தொப்பிதான் நினைவுக்கு வருகிறது. சமையல் அந்தப் படிப்பின் ஒரு பகுதி மட்டுமே. வரவேற்பைக் கவனிக்கும் ஃப்ரன்ட் ஆபீஸ், அறைகளைப் பராமரிக்கும் ஹவுஸ்கீப்பிங், பரிமாறும் வேலையான எஃப் அண்ட் பி சர்வீஸ் என இன்னும் மூன்று இருக்கின்றன. நான் ஹவுஸ்கீப்பிங்கில் வளர்ந்தவள். அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கல்லூரியில் சேரும் முன் கட்டடத்தைப் பார்க்காதீர்கள், சீனியர்களைப் பிடியுங்கள். ஹோட்டலில் டிரெய்னிங் எத்தனை மாதம்? நான்கு துறையிலும் மாற்றி மாற்றிப் போடுவார்களா, இல்லை ஆள் இல்லாத இடத்தில் நிறுத்திவிடுவார்களா? கிச்சன் லேபில் ஓர் அடுப்புக்கு எத்தனை பேர்? இதற்கு மழுப்பலான பதில் வந்தால் வேறு கல்லூரி பாருங்கள்.

டிரெய்னிங்கில் அறையைச் சுத்தம் செய்யச் சொன்னால் முகம் சுளிக்காதீர்கள். வேலை முடிந்ததும் விருந்தினர் உட்காரும் நாற்காலியில் ஒரு நிமிடம் உட்காருங்கள். நின்றபோது தெரியாத மேசையடித் தூசி அப்போது கண்ணில் படும். குளியலறையில் தரையின் தண்ணீர் வடிகட்டியைத் தூக்கிப் பாருங்கள். ஒரே ஒரு முடி போதும், புகார் வர. கற்றதை அன்றன்றே லாக் புக்கில் எழுதுங்கள்.

ஃப்ரன்ட் ஆபீஸில் கிடைத்தால் நைட் ஷிப்ட்டைக் கேட்டு வாங்குங்கள். அன்றைய கணக்கை மூடும் நைட் ஆடிட்டில்தான் ஹோட்டலின் வரவு செலவு புரியும். 100 அறையில் 80 விற்றால் ஆக்குபன்சி 80 சதவீதம். விற்ற அறைகளின் சராசரி வாடகையை அதோடு பெருக்கினால் ரெவ்பார், அதாவது இருக்கிற ஒவ்வோர் அறைக்கும் கிடைத்த வருமானம். மேலாளர்கள் தினமும் பார்க்கும் எண் இது. கணக்கு பிடித்தவர்கள் இங்கிருந்து, தேவையைப் பார்த்து அறை வாடகையைத் தீர்மானிக்கும் ரெவின்யூ மேனேஜ்மென்ட்டுக்குப் போகலாம்.

ஹோட்டலை விட்டால் வேலை இல்லை என்பதெல்லாம் சும்மா. மருத்துவமனை, விமான நிறுவனம், நிகழ்ச்சி ஏற்பாடு, பெரிய அலுவலகங்களின் பராமரிப்பு எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டும். சொகுசுக் கப்பல் ஆசை இருந்தால், கப்பல் ஊழியர்களுக்கான சர்வதேச விதிப்படி நடக்கும் எஸ்டிசிடபிள்யூ பாதுகாப்புப் பயிற்சி வேண்டும். தீயணைப்பு, முதலுதவி, கடலில் உயிர் தப்பும் முறை எல்லாம் அதில் அடக்கம்.

படிப்பு முடிந்ததும் மேனேஜ்மென்ட் டிரெய்னி தேர்வுகளை முதலில் எழுதுங்கள். சூப்பர்வைசர் நிலைக்கு அதுதான் குறுக்குவழி. கிடைக்கவில்லையா, சரி, கீழ்மட்டத்தில் சேருங்கள். நேர்முகத் தேர்வுக்கு லாக் புக்கையும் எடுத்துவாருங்கள். நான் ஆள் எடுக்கும்போது சான்றிதழுக்கு முன் அதைத்தான் புரட்டுவேன்.