ஊழியத்துக்குப் புதுசா வந்த தம்பி தங்கச்சிமாருக்கு: ஜெப ஒழுங்க எப்படிப் பிடிச்சு வைக்கிற

போன மாசம் பைபிள் கொலேஜ் முடிச்சு வந்த ஒரு பொடியன் கேட்டான், பாஸ்டர் ஊழியத்தில நிலைச்சு நிக்கிறத்துக்கு என்ன செய்யணும் எண்டு. விடிய ஒழும்பினா முதல்ல ஃபோன எடுக்கிறயா பைபிள எடுக்கிறயா எண்டு நான் திருப்பிக் கேட்டன். பைபிள் ஃபோனுக்குள்ளதான் பாஸ்டர் கிடக்கு எண்டான். சிரிப்பு வந்திட்டு, ஆனா அவனுக்குச் சொன்னத இங்க எழுதி வைக்கிறன், ஏனெண்டா அவன் மட்டும் இல்ல இப்ப எல்லாரும் அப்படித்தான், நானும் அப்படித்தான் கிடந்தன்.

முதல்ல என்ட கதை. ஊழியத்துக்கு வந்து ஏழெட்டு வருசத்தால ஒரு காலம், வேதத்தத் திறக்கிறதே ஞாயித்துக்கிழமைப் பிரசங்கத்துக்கு மட்டும் எண்டு ஆகிட்டு. சபை வளருது, கூட்டத்துக்குக் கூப்பிடுறாங்க, எல்லாம் நல்லாப் போகுது எண்டுதான் நினைச்சன். அப்ப மட்டக்களப்பு வாவிக்கு அங்கால படுவான்கரைப் பக்கம் ஒரு செத்த வீடு, ராவையில கரண்டும் இல்ல, ஃபோன்ல சார்ஜும் இல்ல, பெத்த தாய் என்ட கையப் பிடிச்சு ஐயா ஒரு சங்கீதம் சொல்லுங்க எண்டா. 23ம் சங்கீதம்தான், சண்டே ஸ்கூல் பிள்ளையும் சொல்லும், எனக்கு நாலாம் வசனத்துக்கு அங்கால வரல்ல. பந்தி எண்டு என்னமோ வரும் எண்டு மட்டும் தெரியும். மிச்சத்த அந்த அம்மாவே சொல்லி முடிச்சா, அழுதழுது. அண்டைக்கு மோட்டர்சைக்கிள்ள கிறுகி வரக்குள்ளதான் எனக்கு விளங்கினது, சமைக்கிற நான் சாப்பிடாமத்தான் இவ்வளவு நாளும் இருந்திருக்கன் எண்டு.

அதால நான் சொல்ற முதல் வேலை, உங்களுக்கு வாசிக்கிறதையும் பிரசங்கத்துக்கு வாசிக்கிறதையும் வேறாக்குங்க. பைபிளும் வேற கொப்பியும் வேறயா இருந்தா இன்னும் நல்லம். கடையில எண்பது பக்கக் கொப்பி ஒண்டு வாங்குங்க, அதுல திகதி, வாசிச்ச அதிகாரம், மனசில பட்ட ஒரே ஒரு வரி, அவ்வளவும்தான் எழுதணும். அந்தக் கொப்பியில எழுதினத ஒரு மாசத்துக்குப் பிரசங்கம் பண்ணக் கூடாது. இது என்ட சட்டம், வேதத்தில இப்படி எங்கயும் இல்ல. ஆனா இந்தச் சட்டம் இல்லாட்டி என்ன நடக்கும் தெரியுமா, ரெண்டாம் நாளே இது ஞாயித்துக்கு நல்லாருக்கும் எண்டு மூணு பொயிண்ட் பிரிக்கத் தொடங்கிருவீங்க. கண்டபடி திறந்து வாசிக்கவும் வேணாம். நாலு சுவிசேஷமும் சேத்து 89 அதிகாரம், நாளுக்கு ஒண்டு எண்டா மூணு மாசத்துக்குள்ள முடியும், சங்கீதம் 150, நாளுக்கு அஞ்செண்டா ஒரு மாசம். புதுசாத் தொடங்கிற ஆளுக்கு இது ரெண்டும் காணும். முழு வேதத்தையும் ஒரு வருசத்தில முடிக்கப் போறன் எண்டு தொடங்கி லேவியராகமத்தில படுத்த ஆக்கள் எத்தின பேரக் கண்டிருக்கன்.

நேரத்துக்கு வருவம். கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் இருக்கிறவங்களுக்கு அலாரமே தேவையில்ல, விடிய அஞ்சு மணி மட்டில முஸ்லிம் பள்ளியில தொழுகைக்குப் பாங்கு சொல்லுவாங்க, நான் அதுக்குத்தான் ஒழும்புற. பக்கத்து வீட்டு முஸ்லிம் அண்ணன், நாங்க காக்கா எண்டுதான் கூப்பிடுற, சுபஹுத் தொழுகைக்குப் போற சத்தம் கேட்டும் நான் போர்த்திக்கிட்டுக் கிடந்தா எனக்கே வெக்கம். மற்ற இடத்தில இருக்கிறவங்க பழைய மணிக்கூடு ஒண்டு வாங்கி வையுங்க, ஃபோன் அலாரம் வேணாம், அத நிப்பாட்டப் போய் வட்ஸ்அப்ப ஒருக்காப் பார்ப்பம் எண்டு பார்த்து விடிஞ்சிரும். ராவைக்கு ஃபோனக் குசினித் தட்டில வச்சிட்டுப் படுங்க, அவசரம் எண்டா அடிக்கிறது கேக்கும்தானே. தொடங்கக்குள்ள பதினஞ்சு நிமிசம் போதும். ஒரு மணித்தியாலம் எண்டு தொடங்கினா நாலு நாள்தான். இடமும் ஒண்டா இருக்கட்டும், எனக்குக் கிணத்தடிப் பக்கம் ஒரு கதிரை, ஒரு பிளேண்டி, நுளம்புத்திரி.

மனப்பாடம் பண்றது அந்தச் செத்த வீட்டுக்குப் புறகு வந்த பழக்கம். மாசத்துக்கு ஒரு சங்கீதம், மட்டையில எழுதிச் சட்டைப் பையில வைக்கிற. மண்முனைப் பாலம் 2014ல திறக்க முதல் படுவான்கரைக்குப் போறதெண்டா பாதைக்கு, அதான் வாவியக் கடக்க ஆக்கள ஏத்துற மிதவைக்கு, நிக்கணும், அந்த நிக்கிற நேரத்தில பாதிச் சங்கீதம் பாடமாகிரும். பாலம் வந்தது நல்லம்தான், ஆனா அந்த அரை மணித்தியாலம் போயிட்டு. இப்ப ஆஸ்பத்திரி கிளினிக்கில நம்பருக்கு இருக்கக்குள்ள செய்யிறன்.

ஜெபத்துக்குச் சபை ஆக்கள அவங்க இருக்கிற ஒழுங்கை, அதான் சின்னத் தெரு, படி பிரிச்சு வையுங்க, திங்களுக்கு இந்த ஒழுங்கை, செவ்வாய்க்கு அந்த ஒழுங்கை எண்டு. பேர் சொல்லி ஜெபிச்ச வீட்டுக்கு அந்தக் கிழமையே போனா கதையே வேற மாதிரி வரும். ஆனா வெட்டுக் காலத்தில பகலில போகாதீங்க, எல்லாரும் வயலில, வீட்டில கிழவி மட்டும்தான் இருப்பா.

உபவாசம் பற்றி ரெண்டு சொல். மெதடிஸ்த சபையத் தொடங்கின ஜோன் வெஸ்லி ஒரு காலத்தில புதனும் வெள்ளியும் பின்னேரம் மூணு மணிவரைக்கும் சாப்பிடாம இருந்தவர். கிழமைக்கு ஒரு நாள் அப்படி இருந்து பாருங்க, சீனி வருத்தம் உள்ளவங்க டொக்டரக் கேக்காமத் தொடாதீங்க, மயங்கி விழுந்தா அதுக்கும் சபைதான் ஓடணும். அத பேஸ்புக்கில போடவும் வேணாம், உபவாசத்த ஆக்களுக்குக் காட்டாதீங்க எண்டு இயேசுவின்ட மலைப்பிரசங்கத்தில கிடக்கு.

இப்ப முக்கியமானது, நான் ஆகலும் பிந்திப் படிச்சது. தனியா ஒழுங்கப் பிடிக்க ஏலாது. 1742ல பிரிஸ்டல்ல வெஸ்லியின்ட ஆக்களுக்கு ஆலயம் கட்டின கடன் இருந்தது, பன்னிரண்டு பன்னிரண்டு பேராப் பிரிச்சு ஆளுக்குக் கிழமைக்கு ஒரு பென்னி சேப்பம் எண்டு முடிவெடுத்தாங்க, நம்மட சீட்டுக்காசு சேக்கிற மாதிரி. காசு சேக்க வீடு வீடாப் போன ஆக்கள்தான் யார் குடிக்கிற, யார் வீட்டில சண்டை எண்டு கண்டு வந்து சொன்னவங்க. கடனுக்குத் தொடங்கின வேலை ஒருத்தர ஒருத்தர் ஆத்துமா விசாரிக்கிற வேலையாப் போயிட்டு. நானும் வேற சபை, வேற ஊர் ஊழியர் ஒருத்தரும் புதன் ராவு எட்டரைக்கு கோல் எடுக்கிற. கேள்வி நாலு: இந்தக் கிழமை உனக்கெண்டு என்ன வாசிச்ச, காணிக்கைக் காசு யார் முன்னால எண்ணின, ஃபோன்ல ஒளிச்சுப் பார்த்தது ஏதும் இருக்கா, வீட்டில கத்தினயா. கடைசிக் கேள்விக்கு நான் ஓம் எண்டு சொன்ன கிழமைகள் கனக்க. ஒரே சபை ஆள இதுக்குப் பிடிக்காதீங்க, ஒண்டு அவர் பயத்தில கேக்க மாட்டார், இல்லாட்டி பக்கத்து வீட்டுக்குச் சொல்லிருவார்.

காசுக் கேள்வியச் சிரிச்சிட்டு விடாதீங்க. காணிக்கைய ஒரு நாளும் தனிய எண்ணாதீங்க, ரெண்டு பேர் எண்ணி ரெண்டு பேரும் கையெழுத்து வைக்கணும், வெளிநாட்டுக்காரர் அனுப்புற காசையும் அதே கொப்பியில எழுதணும். இதையும் நான் ஜெபத்தோடதான் சேக்கிற.

ஓய்வு நாள். ஞாயிறு நமக்கு வேலை நாள், அதால திங்கள எடுங்க. எலியா தீர்க்கதரிசி சூரைச்செடிக்குக் கீழ சாகணும் எண்டு படுத்திருக்கக்குள்ள தேவதூதன் முதல்ல குடுத்தது அடையும் தண்ணியும், அதையும் சாப்பிட்டு மறுகாப் படுத்தவர். 2019 ஏப்ரல் 21 மட்டக்களப்புச் சீயோன் சபையில குண்டு வெடிச்சதுக்குப் புறகு மட்டக்களப்புக்கும் ஊருக்குமா நான் ஓடின ஓட்டத்தில திங்களும் இல்ல ராவும் இல்ல, அந்த வருசக் கடைசியில நானே ஒழும்ப ஏலாமப் படுத்திட்டன். ஓடாம இருந்திருக்க ஏலாது, ஆனா ஆள் மாத்தி ஓடியிருக்கலாம்.

வெற்றி எண்டு எத நினைக்கிறீங்க எண்டும் ஒருக்காப் பாருங்க. வில்லியம் ஓல்ட் எண்ட மெதடிஸ்த மிஷனரி 1814ல மட்டக்களப்புக்கு வந்து 1815 ஏப்ரல் 1 செத்துப் போயிட்டார், ஒரு வருசம் கூட இல்ல. அவர் தொடங்கின பள்ளிக்கூடம்தான் இண்டைக்கும் இருக்கிற மெதடிஸ்த மத்திய கல்லூரி. அவருக்கு லைக் எத்தின எண்டு பார்க்க ஆளுமில்ல, காலமுமில்ல.

விட்டுப் போகும், அதுவும் சொல்றன். மாரி வெள்ளம் வரும், பிள்ளைக்குக் காய்ச்சல் வரும், கொப்பி பத்து நாள் அப்படியே கிடக்கும். விட்ட அதிகாரங்கள ஒரே நாளில வாசிச்சு ஈடு செய்யப் போகாதீங்க, அண்டைய நாளுக்குரிய அதிகாரத்தில தொடங்குங்க, விட்ட திகதிகள வெறுமையா விடுங்க. என்ட கொப்பியில 2022 ஜூலை முழுக்க வெறும் திகதிதான் கிடக்கு, பெற்றோல் கியூவில நிண்ட காலம். ஓகஸ்ட் ரெண்டாம் திகதிக்கு நேர ஒரு வரி இருக்கு, அதுவும் பென்சிலால.