அடி வாங்கிவிட்டு "பரவாயில்லை" என்று சொல்லும் நர்ஸ்களுக்கு

போன வாரம் நைட் டூட்டியில் ஒரு நோயாளியின் மகன் கேஸ் ஷீட்டைத் தூக்கி எங்கள் புது ஸ்டாஃப் முகத்தில் எறிந்தார். வேலைக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகிறது அந்தப் பெண்ணுக்கு. சிதறிய தாள்களைப் பொறுக்கிக்கொண்டே "பரவாயில்ல சிஸ்டர், பழகிடுச்சு" என்றாள். நானும் ஒரு காலத்தில் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். பதிலுக்குக் கத்தக்கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன். நாம் செய்யும் மற்ற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

எழுதாமல் விடுவது

நான் மாட்டியது இதில்தான். பக்கத்து பெட்டில் சிபிஆர் (நெஞ்சை அழுத்தி உயிர் மீட்கும் முயற்சி) போய்க்கொண்டிருந்ததால் டிரிப் போடத் தாமதம். அதற்கு ஒருவர் என் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினார். "அம்மா சீரியஸா இருக்காங்கன்னு பதட்டத்துல பண்ணிட்டாரு, விடு" என்றார் இன்சார்ஜ் சிஸ்டர். விட்டேன். நர்ஸ் நோட்ஸில் மருந்து கொடுத்த நேரத்தை மட்டும் எழுதிவிட்டு வீட்டுக்குப் போனேன். நாலாம் நாள் மெமோ வந்தது: டிரிப் போட மறுத்தேனாம், மரியாதையில்லாமல் பேசினேனாம். அவர் எழுத்தில் புகார் கொடுத்திருந்தார், என்னிடம் ஒரு வரி இல்லை. கை வீக்கமும் வடிந்துவிட்டது, கேமரா பதிவும் அழிந்துவிட்டது. விடச் சொன்ன இன்சார்ஜுக்கோ அன்று என்ன நடந்ததென்றே ஞாபகம் வரவில்லை. இப்போது நினைத்தாலும் எரிச்சல் வருகிறது, பாதி அவர் மேல், பாதி என் மேல்.

ஷிஃப்ட் முடிவதற்குள் எழுதுங்கள்: மணி, பெட் நம்பர், கூட நின்றவர்கள், அவர் சொன்ன வார்த்தை (கெட்ட வார்த்தையானாலும் அப்படியே). கை பட்டிருந்தால் கேஷுவாலிட்டியில் காட்டி ஏ.ஆர். (காயத்தைக் குறிக்கும் விபத்துப் பதிவேடு) போடச் சொல்லுங்கள். கேமரா பதிவை எடுத்துவைக்கச் சொல்லி அன்றே கடிதம் கொடுங்கள். போலீஸுக்குப் போனால் சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சீட்டு) வாங்காமல் திரும்பாதீர்கள். மருத்துவப் பணியாளர்களைத் தாக்கினால் 3 முதல் 10 ஆண்டு வரை சிறை என்று தமிழ்நாட்டில் 2008-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது, அதில் நர்ஸும் உண்டு, நர்சிங் மாணவியும் உண்டு. கையில் ஒரு காகிதம் இல்லாமல் அந்தச் சட்டத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? சமாதானம் பேசுவதாக இருந்தாலும் சரி, எழுதிவிட்டுப் பேசுங்கள்.

சொந்த போன் நம்பர் கொடுப்பது

கொடுக்காதீர்கள்.

தனியாகப் போய் நிற்பது

கோபத்தில் இருப்பவரோடு தனி அறைக்குள் போகவே போகாதீர்கள். கதவு உங்கள் பக்கம் இருக்கட்டும்.

தாங்கிக்கொள்வதை மனஉறுதி என்று நினைப்பது

தொடர்ந்து நைட் பார்த்த ஒரு வாரத்தில், பெல் அடித்த தாத்தாவைப் பற்றி "இது எதுக்கு மறுபடி கூப்பிடுது" என்று சொல்லிவிட்டேன். மனுஷரை அஃறிணையாக்கிவிட்டோமே என்று எனக்கே பகீரென்றது. சரிவரக் கையாளப்படாத வேலை அழுத்தத்தால் வருவதுதான் பர்ன்அவுட் (வேலையிலேயே சோர்ந்து வெறுத்துப்போவது) என்று உலக சுகாதார நிறுவனமே 2019-ல் சொல்லிவிட்டது. ஆனால் இங்கே ஒரு மணி நேரம் தியான வகுப்பு நடத்திவிட்டு அதே ரோஸ்டரைத்தான் திரும்பக் கையில் கொடுக்கிறார்கள்.

தொடர் நைட் வேண்டாம் என்று கடிதம் கொடுத்தேன். இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். மூன்றாம் முறை நகலில் தேதி போட்டுக் கையெழுத்துக் கேட்டேன், அப்புறம்தான் ரோஸ்டர் மாறியது.